மட்டக்களப்புக் கோட்டையிலிருந்து ஒரு பேரரசின் வணிகக் கட்டுப்பாட்டை ஆராய்வது எப்படி?

கடல் கடந்த நாடுகளையும் அவற்றின் வணிகத்தையும் ஐரோப்பியப் பேரரசுகள் தம் பிடிக்குள் வைத்திருக்க எடுத்த முயற்சிகளை நம் பாடநூல்கள் கோவா, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), கொழும்பு, காலி ஆகிய பெயர்களோடு சொல்கின்றன. மட்டக்களப்புக்கு அங்கே பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது. ஆனால் அந்த முயற்சிகள் எங்கே வென்றன, எங்கே தடுக்கி விழுந்தன என்பதைப் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலுள்ள கோட்டை மதிலருகே நின்று தெளிவாகக் கற்க முடியும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உயர்தர வகுப்பு மாணவர்கள், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்கள், நூலக வாசகர் வட்டத்தினர் ஆகியோர் இப்பொருளில் ஓர் ஆய்வறிக்கை செய்ய விரும்பினால் எப்படித் தொடங்கலாம், எவற்றைத் தேடலாம், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நம் ஊரின் கல்லும் வாவியும் உலக வரலாற்றின் பகுதி என்பதை நம் பிள்ளைகள் தாமாகக் கண்டறிய வேண்டும் என்ற விருப்பமே இதற்குக் காரணம்.

கேள்வியை முதலில் சரிப்படுத்துங்கள்

கோட்டையைப் பற்றி எழுத வரும் பெரும்பாலான மாணவர்கள் "இதைக் கட்டியவர் யார்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். அதற்கான விடை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினர், ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர், ஆங்கிலேயர் 1795 இல் பெற்றுக்கொண்டனர். இவ்வளவோடு நின்றால் அறிக்கை ஆண்டுகளின் வரிசையாகவே முடியும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தீவில் ஐரோப்பியர் தேடிய முதன்மையான பொருள் கறுவா. அது மழை மிகுந்த தென்மேற்குக் கரையோரக் காடுகளிலும் கண்டி இராச்சியத்தின் சில பகுதிகளிலும் விளைந்தது. மட்டக்களப்பில் கறுவா விளையவில்லை. அப்படியிருக்க, பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரரசுகள் இந்த வாவிக்கரையில் ஏன் பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தின? இந்தக் கேள்வியை அறிக்கையின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டால் பின்னர் சேர்க்கும் ஒவ்வொரு தகவலும் தனக்குரிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

விடையின் திசையை மட்டும் இங்கே காட்டுகிறேன். இந்தக் கோட்டை பண்டங்களைச் சேர்ப்பதற்காக எழுந்தது என்பதைவிட, ஒரு வாசலை மூடுவதற்காக எழுந்தது என்பதே பொருந்தும். தென்மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் பிடித்த பின்னரும் கண்டி அரசனுக்குக் கிழக்குக் கரை திறந்திருந்தது. 1602 மே 31 ஆம் திகதி ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்தார். அவரைப் போர்த்துக்கேயர் என்று இங்கிருந்த சிற்றரசர் ஐயுற்ற பின்னரும், அவர் கண்டி வரை சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு திரும்பினார். 1620 இல் டென்மார்க்கின் கப்பல்களும் கிழக்குக் கரைக்கு வந்தன. ஐரோப்பாவில் தம்மோடு போட்டியிட்டவர்கள் இந்த வழியாகக் கண்டியோடு கைகோர்ப்பதைப் போர்த்துக்கேயர் கண்டனர். ஆளுநர் கொன்ஸ்தந்தினோ த சா 1624 இல் திருகோணமலையிலும் 1628 இல் மட்டக்களப்பிலும் கோட்டை எழுப்பியதன் பின்னணி இதுதான். 1617 இல் செனரத் மன்னனோடு செய்துகொண்ட சமாதானம் குலைந்ததற்கு இந்தக் கோட்டைகளும் ஒரு பெரிய காரணம். இரண்டே ஆண்டுகளில், 1630 இல், கொன்ஸ்தந்தினோ த சா தம் படையோடு ஊவாவுக்குள் புகுந்து திரும்பும் வழியில் இரந்தெனிவெலவில் கொல்லப்பட்டார்.

நிலத்தையும் நீரையும் பாருங்கள்

நூலகத்துக்குச் செல்லும் முன்னர் ஒரு முற்பகலைக் கோட்டையில் செலவிடுங்கள். நெடுங்காலம் கச்சேரி இயங்கிய இடமாதலால் பலருக்கு அது ஓர் அலுவலக வளாகமாகவே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை விலக்கிவிட்டு அதைப் படைவீரர் தங்கிய ஒரு காவல் இடமாகப் பாருங்கள். தொல்லியல் திணைக்களத்தின் விதிகளுக்கு உட்பட்ட இடம் என்பதால் மாணவர் குழுவாகச் செல்லும்போது பாடசாலைக் கடிதத்துடன் முன்கூட்டியே அனுமதி கேட்பது நல்லது. மதில்களில் ஏறுதலும் கல்லைச் சுரண்டிப் பார்த்தலும் கூடாது.

நான்கு மூலைகளில் நான்கு கொத்தளங்கள் உள்ளன. இரண்டு பக்கங்களை வாவியும் மற்ற இரண்டு பக்கங்களை வெட்டப்பட்ட அகழியும் காத்தன. ஒரு தாளில் இதை வரைந்து, ஒவ்வொரு கொத்தளத்திலிருந்தும் எந்தத் திசை தெரிகிறது, எது தெரியவில்லை என்று குறியுங்கள். இந்த இரண்டாவது குறிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். கோட்டையின் பார்வைக்கு எட்டியது வாவியின் ஒரு பகுதி மட்டுமே. மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் இரு கரைகளிலும் எத்தனை துறைகள், எத்தனை ஓடங்கள், எத்தனை கண்டற் காடுகள் இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அடுத்து முகத்துவாரத்துக்குச் செல்லுங்கள். பாலமீன்மடுவில் நிற்கும் வெளிச்சவீடு 1913 இல் கட்டப்பட்டது. அது ஆங்கிலேயர் காலத்தது, ஆகவே நம் பொருளுக்குப் புறம்பானது. ஆனால் அது நிற்கும் இடம் நமக்கு முக்கியம். முகத்துவாரத்தின் மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஆழம் குறைந்த இந்த வாயிலால் பெரிய கப்பல்கள் உள்ளே நுழைய இயலாது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு, ஆட்களையும் பொருட்களையும் படகுகளில் அனுப்ப வேண்டியிருந்தது. வாடைக்காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையான காலத்தில் இந்தத் திறந்த கரையில் பாய்க்கப்பல்கள் நிற்பதே ஆபத்து. இன்றைய மீனவர்கள் தொழிலுக்குப் போகாத மாதங்கள் எவை என்று முகத்துவாரத்திலோ கல்லடியிலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டின் எந்தப் பகுதியில் கோட்டைக்குக் கடல்வழி உதவி வந்துசேராது என்பதை அந்தப் பதில் உங்களுக்குக் காட்டிவிடும்.

இரண்டு நிரல்களில் ஒரு காலக்கோடு

வரலாற்று மாணவர்கள் வழக்கமாக ஒரே நிரலில் காலக்கோடு வரைகிறார்கள். தொலைவில் இருந்து ஆளப்பட்ட ஒரு நாட்டுக்கு அது போதாது. இடப்பக்கத்தில் முடிவு எடுக்கப்பட்ட இடமும் நாளும், வலப்பக்கத்தில் அந்த முடிவு இலங்கையில் நடைமுறைக்கு வந்த நாளும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் பேரரசின் இடர்ப்பாடு அடங்கியிருக்கிறது.

லிஸ்பனிலிருந்து பங்குனி, சித்திரை மாதங்களில் புறப்பட்ட கப்பல், காற்று இசைந்தால், ஏறத்தாழ ஆறு மாதங்களில் கோவாவை அடைந்தது. திரும்பும் கப்பல் மார்கழி அல்லது தை வரை காத்திருந்தது. ஆகவே ஒரு கடிதம் எழுதிப் பதில் பெறுவதற்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு சென்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நிலையும் அப்படித்தான். 1602 மார்ச் 20 இல் நிறுவப்பட்ட அக்கம்பனியைப் பதினேழு பணிப்பாளர்கள் நெதர்லாந்திலிருந்து நடத்தினர். 1619 முதல் ஆசியாவில் அதன் தலைமையிடம் பத்தாவியா. நெதர்லாந்திலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பற்பயணம் சுமார் எட்டு மாதம். அங்கிருந்து கொழும்புக்கு உத்தரவு வந்து, கொழும்பிலிருந்து மட்டக்களப்பின் தலைமை அதிகாரிக்கு அது சேரும்போது, உத்தரவுக்குக் காரணமான நிலைமையே மாறிப்போயிருக்கும்.

உங்கள் காலக்கோட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்த்துக்கலும் ஒல்லாந்தும் 1641 ஜூன் 12 ஆம் திகதி ஹேக் நகரில் பத்தாண்டுப் போர்நிறுத்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. இலங்கையில் அது நடைமுறைக்கு வர 1644 இன் இறுதி ஆயிற்று. தொலைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. காலியைச் சூழ்ந்த கறுவா நிலங்கள் யாருக்கு என்ற வழக்கு தீரும் வரை இங்கிருந்த அதிகாரிகள் சமாதானத்தை ஏற்கவில்லை. கடிதம் வந்துசேரத் தாமதமானது எவ்வளவு, வந்த கடிதத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தொலைவைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திய அதிகாரிகள் இரு பேரரசுகளிலும் இருந்தனர்.

இன்னொரு செய்தியையும் அதே காலக்கோட்டில் சேர்க்கலாம். 1726 இல் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக வந்த பேத்ருஸ் வுயிஸ்ட் கொடுங்கோன்மை புரிந்தார். அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டது 1729 இல். பத்தாவியாவில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றது 1732 இல். கம்பனி தன் சொந்த ஆளுநரையே கட்டுப்படுத்த எடுத்துக்கொண்ட காலம் இது என்றால், தொலைவிலிருந்த துறைகளில் சிறு அதிகாரிகள் தம் சொந்தக் கணக்கில் செய்த வணிகத்தை அது எப்படித் தடுத்திருக்கும்?

1638 உடன்படிக்கையை வாசித்தல்

உங்கள் ஆய்வின் மையமாக அமையத்தக்க ஆவணம் மட்டக்களப்பிலேயே பிறந்தது. அதனால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். 1638 மே 18 ஆம் திகதி அட்மிரல் அடம் வெஸ்தர்வோல்ட்டின் ஒல்லாந்தப் படையும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் கண்டிப் படையும் சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றின. ஐந்து நாள் கழித்து, மே 23 இல், உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு மார்ச்சில் கண்ணொருவையில் போர்த்துக்கேயப் படையை அழித்திருந்த மன்னன் வலிமையான நிலையில் இருந்தே இதில் இறங்கினான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏமாற்றப்பட்ட ஒரு சிற்றரசனாக அவனைச் சித்திரிக்கும் எழுத்துக்களை நான் ஏற்பதில்லை.

உடன்படிக்கையை வாசிக்கும்போது மூன்று வண்ண மைகளைப் பயன்படுத்துங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். படை உதவி பற்றிய வரிகளுக்கு ஒரு வண்ணம், வணிகம் பற்றியவற்றுக்கு இன்னொன்று, செலவும் கொடுப்பனவும் பற்றியவற்றுக்கு மூன்றாவது. தாளில் எந்த வண்ணம் மிகுந்திருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காணலாம். போர்த்துக்கேயரை விரட்டுவதற்கு உதவுவதாகக் கம்பனி உறுதி கூறியது. அதற்கு ஈடாக, யானையைத் தவிர்த்த பிற பண்டங்களின் வணிகத்தில் தனியுரிமையைப் பெற்றது. போருக்கான செலவை மன்னன் கறுவா, மிளகு, தேன்மெழுகு முதலிய பொருட்களாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதப்பட்டது.

கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை நிற்பது பற்றிய விதியில்தான் பூசல் வெடித்தது. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், மன்னன் விரும்பினால் காவற்படை நிற்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. கம்பனியின் ஒல்லாந்தப் பிரதியில் அந்த நிபந்தனை இல்லை. இரு தரப்பினரும் தத்தம் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாதிட்டனர். மாணவர் இங்கே "யார் பொய் சொன்னார்கள்?" என்று கேட்டு நின்றுவிடாமல், அந்த நிபந்தனை இல்லாததால் யாருக்கு என்ன கிடைத்தது என்று தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கும் விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. போர்ச் செலவைக் கணக்கிட்டது கம்பனி. கடன் தீரும் வரை கோட்டைகள் தன்னிடம் அடைமானமாக இருக்கும் என்றது கம்பனி. காவற்படையின் சம்பளமும் செலவில் சேர்க்கப்பட்டதால், கோட்டையில் எத்தனை காலம் இருந்தார்களோ அத்தனை காலம் கடனும் வளர்ந்தது. கறுவா நிலங்களுக்குக் காவலான காலியை 1640 இல் கைப்பற்றிய கம்பனி அதை மன்னனிடம் கொடுக்கவே இல்லை. ஆனால் மட்டக்களப்பை 1643 இல் மன்னனிடம் ஒப்படைத்தது. இந்த இரண்டு செயல்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால், அறிக்கையின் முதற் பக்கத்தில் எழுதிய கேள்விக்கான விடையின் பெரும் பகுதி கிடைத்துவிடும். இலாபம் தரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, காவற் செலவு மட்டும் தரும் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

அப்படியானால் 1668 இல் மீண்டும் வந்து ஏன் மட்டக்களப்பைப் பிடித்தார்கள் என்று ஒரு நல்ல மாணவர் கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் ஆய்வு சரியான வழியில் செல்கிறது என்று கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கேயர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் இழந்து தீவை விட்டே போய்விட்டனர். இனி ஒல்லாந்தருக்கு எஞ்சிய ஆபத்து, கண்டி அரசன் கிழக்குத் துறைகளால் வேறொரு ஐரோப்பியரை அழைப்பதுதான். 1664 இல் மன்னனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டதைப் பயன்படுத்தி, ஆளுநர் றைக்லொவ் வான் கூன்ஸ் 1665 இல் திருகோணமலையையும் 1668 இல் மட்டக்களப்பையும் பிடித்தார். அவர் அஞ்சியது வீண் அன்று. 1672 இல் பிரெஞ்சுக் கடற்படை ஒன்று திருகோணமலைக்கும் கொட்டியாரத்துக்கும் வந்தது. ஒல்லாந்தர் அதை விரட்டினர்.

ஆயினும் இந்த விரிவாக்கத்தைப் பத்தாவியா விரும்பவில்லை என்பதையும் குறிப்பிடுங்கள். வான் கூன்ஸ் தீவு முழுவதையும் கம்பனியின் நிலமாக்க நினைத்தார். பத்தாவியாவில் இருந்தவர்கள், கண்டியோடு சமாதானமாக இருந்து மலிவாகக் கறுவா பெறுவதே வணிகம் என்றனர். பேரரசு என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பது, ஒன்றையொன்று ஐயுற்ற பல அலுவலகங்களின் கூட்டம் என்பது இந்த வாதத்தில் வெளிப்படுகிறது. "ஒல்லாந்தர் நினைத்தனர்" என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் எந்த ஒல்லாந்தர், எந்த ஊரில் இருந்தவர் என்று ஆசிரியர் கேட்டுத் திருத்துவது பெரும் பயன் தரும்.

பண்டங்களையும் அவை தப்பிச் சென்ற வழிகளையும் தேடுதல்

போர்த்துக்கேயர் இந்து சமுத்திரத்தில் வணிகம் செய்த ஆசியக் கப்பல்கள் தம்மிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றும், தம் துறைகளில் தீர்வை செலுத்த வேண்டும் என்றும் விதித்தனர். சீட்டு இல்லாத கப்பல் பிடிக்கப்பட்டது. ஒல்லாந்தரும் அதே வழியில் சென்றனர். 1670 அளவில் தீவின் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் தம் தனியுரிமைக்குள் கொண்டுவர முயன்றனர். தென்னிந்தியக் கரையிலிருந்து புடைவையும் அரிசியும் கொண்டுவந்து, பாக்கு ஏற்றிச் சென்ற பழைய வணிகம் இதனால் நெரிந்தது. கறுவாவைப் பற்றி எழுதும் ஆர்வத்தில் பாக்கை மறந்துவிடாதீர்கள். கண்டி நாட்டின் எளிய குடியானவன் புடைவை வாங்கக் கொடுத்தது பாக்குத்தான். கடலைத் தொடாத அந்த நாட்டுக்கு உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்தே சென்றன. எனவே ஒரு துறையை மூடுவது மன்னனின் கருவூலத்தை மட்டுமன்றி மலைநாட்டுக் குடியானவனின் சோற்றுப்பானையையும் தொட்டது.

தடை இருந்த இடத்தில் மீறலும் இருந்தது. ஆனால் மீறியவர்கள் ஆவணம் எழுதி வைப்பதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுண்டு. ஒல்லாந்த அதிகாரிகளின் குறிப்புகளில், ஒரே தடை மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியப்பட்ட கட்டளையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கத் தேவையில்லை. காவலைக் கூட்டும்படியும் படகுகளைச் சோதிக்கும்படியும் அடுத்து வரும் அதிகாரிக்கு ஒருவர் எழுதி வைத்தால், அந்தத் துறையால் பொருள் சென்றுகொண்டிருந்தது என்றே அதைப் படிக்க வேண்டும். ஒப்படைப்புக் குறிப்புகள் எனப்படும் இந்த ஆவணங்கள், பதவி விலகும் அதிகாரி தமக்குப் பின் வருபவருக்கு எழுதியவை. மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாக இருந்த யாக்கோப் பூர்னாண்ட் 1794 இல் எழுதிய குறிப்பு அவற்றுள் ஒன்று. இத்தகைய பல குறிப்புகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. மூல ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக்கிலுள்ள நெதர்லாந்துத் தேசிய சுவடிக் காப்பகத்திலும் இருக்கின்றன. 17 ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தைப் பாடசாலை மாணவரால் வாசிக்க இயலாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நெதர்லாந்துக் காப்பகம் இணையத்தில் வைத்துள்ள பழைய நிலப்படங்களை வாசிக்க மொழி அவ்வளவாகத் தேவையில்லை. அவற்றில் வாவியின் எந்தக் கரை நுணுக்கமாக வரையப்பட்டிருக்கிறது, எங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டாலே கம்பனியின் அறிவு எவ்வளவு தூரம் எட்டியது என்று தெரியும்.

போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டதை இந்த இடத்தில் சேர்த்து ஆராயுங்கள். வணிகப் போட்டியாளரை அகற்றுவதே அந்த உத்தரவின் நோக்கங்களுள் ஒன்று. வெளியேற்றப்பட்டவர்களுள் பலரைச் செனரத் மன்னன் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். கடலையும் சந்தையையும் தவளமாட்டுப் (பொதிமாட்டுப்) போக்குவரத்தையும் அறிந்த மக்கள், பேரரசின் பிடிக்கு வெளியே, கண்டியின் பாதுகாப்பில் மட்டக்களப்புப் பகுதியில் வந்து சேர்ந்தனர். தன் பகைவனின் வணிகத்துக்குப் போர்த்துக்கல் தானே ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஏற்கெனவே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழ்ப் போடிமாரின் (பெருநில உரிமையாளரின்) வயல்நிலங்களோடும் இந்தக் குடியேற்றம் எப்படி இணைந்தது என்பது தனி ஆய்வுக்கு உரிய பெரிய பொருள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று மாணவர்கள் தத்தம் ஊரின் பள்ளிவாசல் மரபுகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.

அம்பாறை மாணவர்களுக்கு

பழைய ஆவணங்களில் மட்டக்களப்பு என்று வருவது இன்றைய மாவட்டம் மட்டும் அன்று. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆகவே சம்மாந்துறை, கரைவாகு, அக்கரைப்பற்று, பாணமை ஆகிய பற்றுகளை (பழைய நிர்வாகப் பிரிவுகளை) தேடும் மாணவர்கள் மட்டக்களப்பு என்ற தலைப்பின் கீழேயே தேட வேண்டும்.

கோட்டை கட்டுப்படுத்த முடியாமற்போன தரைவழிகள் பெரும்பாலும் இன்றைய அம்பாறை மாவட்டத்துக்குள் வருகின்றன. ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலிருந்து விந்தனை வழியாகக் கண்டி சென்றார். விந்தனை என்பது மகியங்கனைப் பக்கம். இன்று செங்கலடியிலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை வழியாக மகியங்கனை செல்லும் பேருந்தில் ஒரு முறை பயணம் செய்து பாருங்கள். பழைய ஒற்றையடிப் பாதை அதே தடத்தில் சென்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டின் பரப்பையும் ஆறுகளையும் மலை தொடங்கும் இடத்தையும் கண்ணால் கண்டபின், ஒரு சிறு காவற்படை இந்தப் பரப்பில் பொதிமாடுகளின் வரிசையைத் தடுப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். காலியைக் கைப்பற்றிய கொஸ்டர் என்ற தளபதியே, கண்டியில் மன்னனோடு பேசிவிட்டு 1640 இல் கிழக்குக் கரைக்குத் திரும்பும் வழியில், துணைக்கு வந்த கண்டி வீரர்களால் கொல்லப்பட்டார்.

வாய்மொழி மரபைக் கையாளுதல்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் பறங்கித் தளபதியின் முன் கல் நந்தி எழுந்து புல் உண்டது என்ற கதையை நம் ஊரில் அறியாதவர் இல்லை. இதை ஆண்டு குறித்து நடந்த நிகழ்வாக அறிக்கையில் எழுதக் கூடாது. எழுதாமல் விடவும் கூடாது. அந்நிய அதிகாரம் எங்கே வந்து நின்றது, எங்கே நிறுத்தப்பட்டது என்று மக்கள் நினைவில் வைத்துள்ள விதத்துக்கு அது சான்று. மட்டக்களப்பு மான்மியத்திலுள்ள செய்திகளையும் இதே கவனத்தோடு எடுத்தாள வேண்டும். 1962 இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த அந்நூல் வெவ்வேறு காலத்து ஏட்டுச் செய்திகளின் தொகுப்பு. நூலகம் இணையத்தளத்தில் அதைத் தேடலாம். ஐரோப்பிய ஆவணம் சொல்லாத உள்ளூர்த் தலைமைகளின் பெயர்களும் பற்றுகளின் ஒழுங்கும் அதில் உள்ளன. வன்னியனார்களும் போடிமாரும் இல்லாமல் எந்தப் பேரரசும் இங்கே ஒரு மரைக்கால் நெல்லைக்கூடத் திரட்டியிருக்க இயலாது.

மட்டக்களப்பில் இன்றும் வாழும் பறங்கியர் சமூகத்தின் மூத்தோரையும் சந்தியுங்கள். இந்தக் கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருந்தது பத்து ஆண்டுகள் மட்டுமே. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டது அதைவிடப் பல மடங்கு காலம். ஆயினும் இந்த நகரில் சில வீடுகளில் எஞ்சியிருப்பது போர்த்துக்கேயக் கிரியோல் மொழி. ஆட்சி எவ்வளவு காலம் நீடித்தது என்பதை மட்டும் கொண்டு செல்வாக்கை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட உயிருள்ள சான்று வேறில்லை. பேட்டி எடுக்கும்போது அவர்களது அனுமதி பெற்றே பதிவு செய்யுங்கள். பெயரை வெளியிட விரும்பாதவர்களின் பெயரை எழுத வேண்டாம்.

எழுதும்போது

அறிக்கையை எங்கே முடிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். 1766 உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதற்கும் சட்டப்படி உரிமை பெற்றதோடு முடிக்கலாம். நான் 1795 வரை செல்லச் சொல்வேன். அந்த ஆண்டு சனவரியில் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்ததும், நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். கடல் கடந்த ஒல்லாந்தக் குடியேற்றங்கள் ஆங்கிலப் படைகளை உள்ளே விட வேண்டும் என்று பெப்ரவரியில் அங்குள்ள கியூவிலிருந்து கடிதம் எழுதினார். அக்கடிதத்துக்குக் கீழ்ப்படிவதா, நெதர்லாந்தில் அமைந்த புதிய அரசுக்குக் கீழ்ப்படிவதா என்று இலங்கையிலிருந்த அதிகாரிகள் தயங்கினர். ஓகஸ்ட் 26 இல் திருகோணமலை வீழ்ந்தது. செப்டெம்பர் 18 இல் மட்டக்களப்பு சரணடைந்தது. முன்பு வரைந்த இரட்டைக் காலக்கோட்டின் கடைசி வரியாக இதை எழுதுங்கள். இடப்பக்கத்தில் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ, வலப்பக்கத்தில் புளியந்தீவு.

ஒவ்வொரு தகவலுக்கும் அருகே அது போர்த்துக்கேயர் சொன்னதா, ஒல்லாந்தர் சொன்னதா, கண்டித் தரப்பா, உள்ளூர் மரபா என்று ஓரத்தில் ஓர் எழுத்தால் குறியுங்கள். முழு அறிக்கையும் ஒரே எழுத்தால் நிறைந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் தேட வேண்டும். முடிந்தபின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வைத்து, வரைந்த கோட்டைப் படத்தையும் வாவிப் படத்தையும் அதனுடன் சேர்த்துக் கட்டுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே இடங்களை மீண்டும் அளக்காமல், நீங்கள் வெறுமையாக விட்ட கரைகளிலிருந்து தொடங்கலாம்.